எண்ணெய் ஏந்தி

சென்னை மாநகரத்தின் சாலைகளில் ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தாத பொற்காலம் ஒன்று இருந்தது. சரித்திர ஆசிரியர்கள் இதை எழுதாமல் விட்டதற்குப் பொறாமையைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. பெட்ரோல் விலை ஏறி, கார் வைத்திருந்தவர்கள் அதைத் தினமும் துடைத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த எழுபதுகளின் நடுவில், அந்தப் பொற்காலத்தை உண்டாக்கிய பெருமை தென்சென்னை கார் உரிமையாளர் நலச் சபையைச் சேரும். அதில் பாதியாவது சபையின் கௌரவச் செயலாளர் சண்முகசுந்தரத்தைச் சேரும். மீதிப் பாதியையும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சண்முகசுந்தரம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். அடையாற்றில் ஒரு டாக்டர் பல வருஷம் ஓட்டிவிட்டு விற்ற சாம்பல் நிறக் கார் அவருடையது. அதைப் பார்க்கப் போன அன்று, டாக்டர் காரிலிருந்து இறங்கியதும் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் தாமாக எழுந்து நின்றார்கள். காரை வாங்கிவிடலாம். எழுந்து நிற்கிறவர்களை எங்கே வாங்குவது? மகள் ஜெயபாரதி டாக்டராக வேண்டும் என்று அந்த வாசலிலேயே தீர்மானமாயிற்று. பெண் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். தீர்மானம் அவளுக்குப் பிற்பாடு தெரிவிக்கப்பட்டது.

அவளும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மொட்டை மாடியில் நடந்துகொண்டே படித்தாள். தவளையை அறுத்தாள். பி.யு.சி.யில் கல்லூரிக்கே முதலாவதாக வந்தாள். இனி மருத்துவப் படிப்புக்கு ஆள் எடுக்கிறவர்கள் கூப்பிட்டுப் பேசுகிற அந்த ஒரு நாள்தான் பாக்கி.

சபைக்கும் ஒரு பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அமெரிக்கப் பத்திரிகையைச் சொல்ல வேண்டும். சபையின் தலைவர் சேஷகிரி, கோட்டையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற மயிலாப்பூர்வாசி. அவருடைய மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து ஒரு மோட்டார் பத்திரிகையை அனுப்பியிருந்தார். சேஷகிரி அதை மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, விபூதி மடிப்பைப் பிரிப்பதுபோலப் பிரித்தார்.

"டர்போன்னு ஒண்ணு வந்திருக்கு, பாருங்கோ. இஞ்சின் விடற புகையை வெச்சே இஞ்சினுக்குள்ளே காத்தை அடைச்சுத் திணிக்கறான். சக்தி ஏகமா ஏறறதாம். அதுக்குப் பக்கத்துலே ஒரு டப்பா தொங்கறது பாருங்கோ. இஞ்சின் மூச்சு விடறச்சே கூட வர எண்ணெய் ரோட்டுல சொட்டாம அதுல விழறது. ஆனா அதைக் கம்பெனிக்காரன் குடுக்கறதில்லே. நாமளா வெளியிலே வாங்கி மாட்டிக்கணும். டர்போ இஞ்சினுக்கு அந்த டப்பா தேவையா, இல்லையான்னு அங்கே அடிச்சுண்டு நிக்கறா. நாம ஒரு முடிவு சொல்லிட வேண்டாமோ?"

அடையாற்றில் இருந்த பௌதிகப் பேராசிரியர் துரைராஜ் எழுந்தார். "தலைவர் அவர்களே, நம்ம சபையில யார்கிட்டயும் டர்போ இல்லையே."

"தென்சென்னையிலேயே இல்லே. அதனாலதான் நாம பாரபட்சமில்லாமத் தீர்ப்பு சொல்ல முடியும்."

இதற்குத் துரைராஜிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவரையே துணைக் குழுவுக்குத் தலைவராகப் போடுவது சபையின் வழக்கம். அதற்குப் பிறகு அவர்கள் எதிர்த்துப் பேசியதாகத் தகவல் இல்லை. துணைக் குழு நான்கு முறை கூடி, நான்கு முறையும் வாழைக்காய் பஜ்ஜியோடு கலைந்து, ஓர் அறிக்கை தந்தது. டர்போ இஞ்சினுக்கு டப்பா அவசியம். நம்முடைய கார்களில் டர்போ இல்லாதது இறக்குமதிக் கட்டுப்பாட்டின் குற்றமே தவிர கார்களின் குற்றமல்ல. ஆகவே டர்போ வருகிறபோது வரட்டும், டப்பாவை இப்போதே மாட்டிவிடலாம். பத்திரிகையின் வண்ணப் படத்தில் டர்போ வேலை செய்யும்போது செக்கச்செவேல் என்று ஒளிர்வதையும் அறிக்கை "மிகுந்த மகிழ்ச்சியுடன்" குறிப்பிட்டிருந்தது. டப்பா என்ற சொல் சபையின் தகுதிக்குக் குறைவாகப் பட்டதால், 'எண்ணெய் ஏந்தி' என்று சண்முகசுந்தரமே பெயர் சூட்டினார்.

ஏந்திகளைச் செய்து கொடுத்தவன் சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறைக்காரன் பொன்னுரங்கம். குழந்தைகளுக்குப் பால் பவுடர் வருகிற தகர டப்பாவை எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு, இஞ்சின் மூச்சு விடுகிற ரப்பர் குழாயை அதில் சொருகி, கம்பியால் இறுக்கிக் கட்டுவான். டப்பாவில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைப் படத்தை அவன் சுரண்டவில்லை. பானெட்டைத் திறந்தால் குழந்தை சிரிக்கும்.

"டப்பாக்கு நான் கேரண்டி சார்," என்றான். "ஒரு சொட்டு கீய வுளுந்துச்சின்னா என்னை இன்னான்னு கேளு."

ஒரு மாதம் கழித்துச் சண்முகசுந்தரம் மூடியைத் திறந்து பார்த்தபோது, டப்பாவில் பாதிக்குமேல் கறுப்பாக எண்ணெய் நின்றது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. மனைவி முத்துலட்சுமியை அடுப்படியிலிருந்து கூட்டிவந்து காட்டினார்.

"இம்புட்டு எண்ணெயும் எங்கிருந்து வருது?" என்று கேட்டாள்.

"இஞ்சின்ல இருந்துதான்."

"அது அங்கல்லா இருக்கணும்?"

"அதான் வீணாப் போகாமப் பிடிச்சு வச்சிருக்கோம்லா."

முத்துலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "ஏங்க, பால் பொங்கி வழிஞ்சா அடுப்பைத் தணிப்பாகளா, கீழ ஏனத்தை வச்சு ஏந்துவாகளா?"

"டர்போவைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று சண்முகசுந்தரம் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். இருந்தாலும் நேர்மையான செயலாளர் என்பதால் அடுத்த கூட்டத்தில் அதைப் 'பொதுமக்கள் கருத்து' என்ற தலைப்பில் சொன்னார். பெரிய ஏனமாக வைக்க வேண்டும் என்பதே அந்த அம்மாளின் கருத்தாக இருக்கும் என்று சேஷகிரி விளக்கினார். சபை அதை ஏற்றுக்கொண்டது.

பிறகுதான் போட்டி வந்தது. எந்த ஏந்தியில் எண்ணெய் அதிகம் சேர்கிறதோ அந்த உறுப்பினருக்கு ஆண்டு விழாவில் கேடயம், ஏந்திக்குப் பொன்னாடை. சபையின் கொள்கையை எந்த வண்டி ஆழமாகக் கடைப்பிடிக்கிறது என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. புதுக் கார் வைத்திருந்த ஓர் உறுப்பினரின் ஏந்தி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது. அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. திருப்தியான விளக்கம் அவரால் தர முடியவில்லை. அவர் பிறகு கூட்டங்களுக்கு வருவதில்லை.

போட்டி என்றால் புல்லுருவிகள் முளைப்பது இயல்பு. ஓர் உறுப்பினரின் ஏந்தியில் எண்ணெயோடு கடுகும் மிதந்தது. இஞ்சினில் கடுகு தாளிப்பதில்லை என்று துரைராஜ் பௌதிக அடிப்படையில் நிறுவினார். அன்று இரவே சண்முகசுந்தரம் உட்கார்ந்து ஆறாம் விதியை எழுதினார். போட்டியாளரின் கை ஏந்தியின்மேல் படக்கூடாது. ஏந்தி எக்காரணத்தாலாவது வண்டியிலிருந்து கழன்றால், இரண்டு நிர்வாகிகள் நேரில் வந்து மட்டத்தைப் பார்க்கும்வரை சொட்டுக் குறையாமல் காக்கப்பட வேண்டும். கறாரான விதி. எழுதி முடித்து அதைத் தனக்குத்தானே உரக்க வாசித்துக்கொண்டார்.

அதற்குள் அவருடைய காரின் பின்னால் நீலமாகப் புகை வர ஆரம்பித்திருந்தது. மேடு ஏறும்போது இஞ்சின் இருமியது. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவினால் நுனியில் ஈரமில்லை. லேசான கவலையோடு பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டார்.

"எண்ணெய் குறையுதே, பொன்னுரங்கம்."

"எங்க சார் கொறஞ்சிச்சி? இஞ்சின்ல இல்லாங்காட்டி டப்பாவுல கீது. டப்பா எங்க கீது? வண்டில கீது. அப்போ ஆயிலு வண்டிலதான் சார் கீது. எங்கயும் பூடல."

சண்முகசுந்தரம் இதை இரண்டு முறை யோசித்துப் பார்த்தார். ஓட்டை தெரியவில்லை. புது எண்ணெய் ஊற்றுவது ஏந்தியை அவமதிப்பதாகும் என்று பட்டது. வண்டியில் இருக்கிற எண்ணெயைத்தான் அவர் ஒவ்வொரு மாதமும் கண்ணாரப் பார்க்கிறாரே.

மற்ற உறுப்பினர்களின் கார்கள் ஒவ்வொன்றாக 'ஓய்வு'க்குப் போயின. நின்றுபோயின என்று சபையில் யாரும் சொல்வதில்லை. துரைராஜின் கார் அடையாற்றுப் பாலத்தின் நட்டநடுவில் ஓய்வெடுத்தது. சேஷகிரியின் கார் கபாலீசுவரர் கோயில் குளத்தருகே தலைவருக்கு ஏற்ற இடமாகப் பார்த்து ஓய்வெடுத்தது. ஓய்விலுள்ள கார்களின் ஏந்திகள் மட்டும், விதிப்படி மட்டம் பார்க்கப்பட்ட பிறகு, உறுப்பினர்களின் கூடத்தில் சந்தனம் குங்குமத்தோடு வைக்கப்பட்டன. ஓடுகிற நிலையில் மிஞ்சியது சண்முகசுந்தரத்தின் கார் ஒன்றுதான். கேடயம் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது.

ஜெயபாரதியின் இண்டர்வியூவும் சபையின் ஆண்டு விழாவும் ஒரே நாளில் அமைந்ததை அவர் தெய்வச் செயலாக எடுத்துக்கொண்டார். காலையில் மகளைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இண்டர்வியூ நடக்கிற அலுவலகத்தில் காரில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மாலையில் மயிலாப்பூர் அரங்கத்தில் கேடயம் வாங்க வேண்டும். முத்துலட்சுமி மட்டும், "அவ பஸ்ஸுல போகட்டும்ங்க, இல்ல ஒரு டாக்ஸி பிடிச்சு விடுங்க. நம்ம வண்டி இருமுது," என்றாள். செயலாளர் மகள் பஸ்ஸில் போய் இறங்கினால் ஏந்தியைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஜெயபாரதி வெங்காயச் சருகு நிறத்தில் புதுப் புடவை உடுத்தி, சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். தேனாம்பேட்டை தாண்டி மவுண்ட் ரோட்டில் கார் முக்கி முக்கிப் போயிற்று. ஜெமினி மேம்பாலம் அப்போது புதுசு. ஏற ஆரம்பித்ததும் முன் பலகையில் ஒரு விளக்கு எரிந்தது.

"அப்பா, சிவப்பா லைட் எரியுது."

சண்முகசுந்தரம் பார்த்தார். செக்கச்செவேல் என்று இருந்தது. துணைக் குழு அறிக்கையின் கடைசிப் பத்தி அவருக்கு மனப்பாடம்.

"எரியட்டும்மா," என்றார். "நம்ம வண்டிக்கும் டர்போ வந்துட்டுது போல."

இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம் ஒன்று கேட்டது. கார் குலுங்கிப் பாலத்தின் ஏற்றத்தில் நின்றது. எத்தனை முறை சாவியைத் திருப்பியும் அசையவில்லை. கீழே இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். குலுங்கிய வேகத்தில் கட்டுக்கம்பி அறுந்து, ஏந்தி வெறும் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. மூடி பாதி கழன்றிருந்தது. உள்ளே எண்ணெய் விளிம்போடு விளிம்பாகத் ததும்பியது. இத்தனை எண்ணெயை அவர் எந்த ஏந்தியிலும் பார்த்ததில்லை. பிடிக்கக் கையை நீட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஜெயா, ஓடி வா. பிடி. சிந்தாமப் பிடி."

அவள் சான்றிதழ்களைச் சீட்டில் வைத்துவிட்டு வந்து பிடித்தாள். "பத்தரைக்கு இண்டர்வியூப்பா."

"தெரியும்மா. கீழ இறங்குனா டாக்ஸி. பத்து நிமிஷத்துல வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். கீழ வச்சிராத, சரிவா இருக்கு, கொட்டிரும்."

அவரே டப்பாவைப் பிடித்துக்கொண்டு பெண்ணை அனுப்பியிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் ஆறாம் விதியைப் படிக்காதவர்கள்.

டாக்ஸி உடனே கிடைத்தது. பாலத்துக்கு மேலே போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மயிலாப்பூர் போ என்று வந்தது. விதிப்படி இரண்டு நிர்வாகிகள் வேண்டும். தலைவர் வீடு பக்கம்தான். அவரையும் ஏற்றிக்கொண்டு வந்து, மட்டத்தைப் பார்த்துவிட்டு, அதே டாக்ஸியில் ஜெயாவை இறக்கிவிட்டால் போயிற்று. ஆனால் சேஷகிரி அப்போதுதான் குளிக்கப் போயிருந்தார். குளித்துவிட்டுப் பூஜையில் உட்கார்ந்தார்.

"ஆத்துல பூஜையைப் பாதியிலே விட்டுட்டு எழுந்திருக்கப்படாது, ஓய். குழந்தை பிடிச்சிண்டிருக்கா இல்லையோ, பின்னே என்ன பயம்?" என்றார். இரண்டாவது நிர்வாகியான துரைராஜை ஏற்ற அடையாறு போக வேண்டியிருந்தது. அவருக்குச் சட்டை இஸ்திரியிலிருந்து வர வேண்டியிருந்தது.

சண்முகசுந்தரத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. ஜெயா வெயிலில் நிற்பாளே என்று அடித்துக்கொண்டது. எண்ணெய் சிந்தியிருக்குமோ என்றும் அடித்துக்கொண்டது. எது பலமாக அடித்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

டாக்ஸி பாலத்துக்குத் திரும்பியபோது வெயில் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெயபாரதி நிறுத்தின இடத்திலேயே நின்றாள். குழாயில் மிஞ்சியிருந்த எண்ணெய் கசிந்து விரலெல்லாம் இறங்கிப் புடவைக் கொசுவத்தில் ஊறியிருந்தது.

"வர்ற டாக்ஸி ஒவ்வொண்ணும் நீங்கதான்னு பார்த்துக்கிட்டே இருந்தேம்பா," என்றாள்.

சேஷகிரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டப்பாவுக்குள் குனிந்தார். "அடடா, விளிம்போட நிக்கறது. துரைராஜ், நீரும் பாரும்." துரைராஜ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்து, மட்டம் சரிதான் என்றார். அதற்குப் பிறகுதான் ஜெயபாரதியின் கையிலிருந்து டப்பா வாங்கப்பட்டது.

அலுவலகத்தில் கதவு சாத்தியிருந்தது. பேர் மூன்று தரம் கூப்பிட்டோம், இனி அடுத்த வருஷம்தான் என்று அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது ஜெயபாரதி சான்றிதழ்கள்மேல் படாமல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு வருஷம்தானேம்மா," என்றார் சண்முகசுந்தரம். வீட்டில் சீயக்காய் போட்டுக் கழுவினாள், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாள். உள்ளங்கை ரேகைகளில் கறுப்பு நின்றுவிட்டது. முத்துலட்சுமி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

மத்தியானம் பொன்னுரங்கம் போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தான். "இஞ்சின் பூட்ச்சி சார். ஆயிலே இல்லாம ஓடிக்கினு இருந்திச்சி. அப்டியே கட்டிக்கிச்சி. ஆனா டப்பாவப் பாரு, ஒரு கீறல் கெடையாது."

"எண்ணெயெல்லாம் வெளிய வருதுன்னு நீ சொல்லலையேப்பா."

"நீங்கோ இன்னா சொன்னீங்கோ? எண்ணெயப் புடின்னு சொன்னீங்கோ, புட்ச்சிக் குடுத்தேன். நிறுத்துன்னு சொல்லவே இல்லியே."

அன்று மாலை ஆண்டு விழாவுக்கு உறுப்பினர்கள் அனைவரும் பஸ்ஸில் வந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஓர் ஏந்தி இருந்தது. கண்டக்டர்கள் சிலர் லக்கேஜ் கேட்டுத் தகராறு செய்ததாகச் சபைக்குப் புகார் வந்தது. அரங்கத்துக்கு வெளியே கார்கள் நிறுத்துவதற்காகக் கயிறு கட்டி ஒதுக்கிய இடத்தில் ஒரு சுண்டல் வண்டி மட்டும் நின்றது. மேடையில் ஏந்திகள் மாலை போட்டு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. டப்பாக் குழந்தைகள் அத்தனையும் சபையைப் பார்த்துச் சிரித்தன.

"இந்த மாசம் பூரா," என்றார் சேஷகிரி ஒலிபெருக்கியில், "நம்ம உறுப்பினர் ஒருத்தர் வண்டியிலேர்ந்தாவது ரோட்டுல ஒரு சொட்டு எண்ணெய் விழுந்ததுன்னு யாராவது சொல்ல முடியுமா?" யாராலும் சொல்ல முடியவில்லை. கைதட்டல் எழுந்தது.

முதல் பரிசாகக் கேடயம் சண்முகசுந்தரத்தின் கைக்கு வந்தது. இத்தனை மாதமாக அதற்கு வைத்திருந்த இடம் மனதில் எங்கோ இருந்தது. இப்போது தேடினால் அகப்படவில்லை. ஏந்திக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேடயத்தைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்தார். பிறகு சேஷகிரி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெயபாரதியை மேடைக்கு அழைத்தார். அவளை வரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தானாகத்தான் கிளம்பி வந்திருந்தாள்.

"தியாகம்னா இதுதான்," என்றார் சேஷகிரி. "வேகாத வெயில்லே, பாலத்து மேலே, தன்னந்தனியா ஒரு பொண்ணு நம்ம ஏந்தியை ஏந்திண்டு நின்னிருக்கா. நானும் துரைராஜும் சாட்சி. ஏண்டி குழந்தே, எத்தனை நாழி பிடிச்சிண்டு நின்னே? சபைக்குச் சொல்லு."

ஜெயபாரதி ஒலிபெருக்கிக்கு அருகே வந்தாள்.

"இண்டர்வியூ முடியற வரைக்கும், மாமா," என்றாள்.

அரங்கம் அதிரக் கை தட்டியது. அவள் சபையைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையின் விரலிடுக்கெல்லாம் கறுப்பாக இருந்தது. சண்முகசுந்தரமும் பழக்கத்தில் கை தட்டத் தூக்கினார். தூக்கிய கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று இருந்தன. விதிப்படி, அவர் கையில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படவில்லை.